நீலத்திரை யாருக்காக எழுதப்பட்டது?

ஒரு புதன்கிழமை காலை என்று வைத்துக் கொள்வோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஒரு சிறிய உருட்டாலை. அதன் வாயிலருகே எடைமேடை அறை. நீங்கள் அந்த அறையின் எழுத்தர். இரும்புக் கம்பி ஏற்றிய லாரி மேடைமீது நிற்கிறது. ஆந்திர எல்லையைத் தாண்டிச் செல்ல வேண்டிய சரக்கு. மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல். ஆகவே இ-வே பில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. இரவு முழுவதும் ஓடிக் கொண்டிருந்த கணிப்பொறி, விடியற்காலையில் யாரையும் கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக் கொண்டு மறுதொடக்கம் செய்திருக்கிறது. இப்போது திரையில் ஒரு வட்டம் சுழல்கிறது. பிறகு நீலம். பிறகு மீண்டும் வட்டம். மீண்டும் நீலம். ஓட்டுநர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “என்ன சார், ஆச்சா?” என்கிறார்.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். கணிப்பொறி விஷயத்தில் புதன்கிழமைக்கு வேறொரு பெருமை உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003 முதல், மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் விண்டோஸ் புதுப்பிப்புகளை வெளியிட்டு வருகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. எனவே நம் ஊர்க் கணிப்பொறிகள் முரண்டு பிடிப்பதென்றால் அதற்கு ஏற்ற வேளை புதன் காலைதான்.

நூல்களையும் திரைப்படங்களையும் விமர்சிக்கிறோம். ஒரு நாளில் எத்தனையோ பேர் கையைப் பிசைந்தபடி படிக்க நேரும் அந்த நீலத்திரையின் வாசகத்தை யாரும் விமர்சிப்பதில்லை. அதுவும் எழுதப்பட்ட ஒன்றுதானே? யாரோ அமர்ந்து, யோசித்து, திருத்தி எழுதிய ஒன்று. அதை ஒரு பிரதியாகவே எடுத்துக் கொண்டு படித்துப் பார்ப்போம்.

பல ஆண்டுகள் அத்திரை சொன்னது இவ்வளவே: உங்கள் கணிப்பொறிக்கு ஒரு சிக்கல் நேர்ந்தது; அது மறுதொடக்கம் செய்ய வேண்டும்; பிழை பற்றிய விவரங்களைச் சேகரித்துக் கொண்டிருக்கிறோம்; பிறகு உங்களுக்காக மறுதொடக்கம் செய்து தருகிறோம். மேலே, வாய் கோணி வருந்தும் ஒரு முகம். அந்த முகம் விண்டோஸ் 8 வெளிவந்த 2012-இல் சேர்ந்தது. 2016-இல் கைபேசியால் படிக்கத்தக்க சதுரக் குறியீடும் சேர்ந்தது. அடியில் சிறிய எழுத்தில் ஒரு நிறுத்தக் குறியீடு.

இதில் “சேகரிக்கிறோம்” என்ற சொல்லைக் கவனியுங்கள். யாருக்காகச் சேகரிக்கிறார்கள்? உங்களுக்காக அன்று. விவரம் வட்டில் ஒரு கோப்பாகப் போய்ச் சேரும். படிக்கத் தெரிந்த பொறியாளர் வந்தால் படிப்பார். எதிரே அமர்ந்திருக்கும் உங்களுக்குக் கிடைப்பது வருந்தும் முகம். 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி.யின் நீலத்திரை முழுக்கப் பதினாறிலக்க எண்களாக இருந்தது. அது பொறியாளரை நோக்கி நேர்மையாகப் பேசியது. அடுத்து வந்தவர்கள் அது மக்களை அச்சுறுத்துகிறது என்று எண்களை நீக்கினார்கள். நல்லது. ஆனால் எண்களை நீக்கிய இடத்தில் பொருளை வைக்க மறந்து விட்டார்கள். அச்சம் போகவில்லை, செய்திதான் போயிற்று.

திரை எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அறிய, கணிப்பொறி எழுந்திருக்கும் விதத்தைச் சற்றே பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைமென்பொருள் விழிக்கிறது. அது நினைவகம், விசைப்பலகை, வட்டு ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்கிறது. பிறகு வட்டிலுள்ள தொடக்க மேலாளரை அழைக்கிறது. அது விண்டோசின் உட்கருவை, அதாவது கெர்னலை, நினைவகத்தில் ஏற்றுகிறது. உட்கரு தனக்கு வேண்டிய டிரைவர்களை வரிசையாக ஏற்றுகிறது. அதன் பிறகே சேவைகள், நுழைவுத் திரை, உங்கள் பெயர். ஆக, எந்தக் கட்டத்தில் நின்றது என்பதே பாதி நோயறிதல். நிறுவனச் சின்னம்கூட வரவில்லையா? புதுப்பிப்பைக் குறை சொல்லும் முன் மின்சாரம், நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பாருங்கள். சின்னம் வந்து வட்டம் சுழன்று நீலமாகிறதா? பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர். கடவுச்சொல் கொடுத்த பின் வெறும் இருட்டா? உட்கரு நலமே, மேலே உள்ள ஏதோ ஒன்று தடுக்கிறது. எடைமேடையின் எண்காட்டியை இணைக்கும் மாற்றிக் கம்பி, அச்சுப்பொறி, செருகியபடி மறந்துபோன பென்டிரைவ் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை தொடங்கிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. பென்டிரைவிலிருந்து தொடங்க முயன்று நின்றுபோகும் கணிப்பொறிகள் கொஞ்சநஞ்சமல்ல.

இந்த வேறுபாடுகளில் ஒன்றையேனும் திரை சொல்கிறதா? இல்லை.

இங்கே ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலை 19, முதல் ஆடி வெள்ளி. இந்திய நேரப்படி காலை 9.39-க்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் தன் ஃபால்கன் மென்பொருளுக்கு ஒரு சிறிய தரவுக் கோப்பை உலகெங்கும் அனுப்பியது. 10.57-க்கு அதைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட 78 நிமிடங்கள் போதுமானவையாக இருந்தன. மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையில் விழுந்தன. மொத்த விண்டோஸ் கணிப்பொறிகளில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அவை விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் இருந்தவை. இந்திய விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். செர்ட்-இன் என்னும் நம் நாட்டுக் கணிப்பொறி அவசரநிலைக் குழு அன்றே எச்சரிக்கை வெளியிட்டது.

நம் சிறு தொழிற்கூடங்களில் அந்த விலையுயர்ந்த மென்பொருளைக் காண்பது அரிது. ஆயினும் புதுப்பிப்புக்குப் பின் கணிப்பொறி ஏன் எழுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. காரணம், அந்நிறுவனம் 2024 ஆகஸ்டு 6-இல் மூலக்காரண அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதையும் விமர்சகன் கண்ணோடு படிக்கலாம்.

அறிக்கையின் சாரம் இது. ஃபால்கன் மென்பொருளுக்குள் ஒரு பரிசோதகர் இருக்கிறார் என்று கொள்ளுங்கள். அவர் கையிலுள்ள படிவத்தில் 21 கட்டங்கள். ஆனால் அவரிடம் தாள்களைக் கொண்டு வந்து கொடுப்பவர் எப்போதும் 20 தாள்களே கொடுக்கிறார். பல மாதங்கள் இது வெளியே தெரியவில்லை. ஏனெனில் 21-ஆம் கட்டத்தில் “எதுவானாலும் சரி” என்ற குறியே இருந்து வந்தது. பரிசோதகர் அந்தத் தாளைத் தேடவே இல்லை. சோதனையிலும் அதே குறிதான். ஜூலை 19 அன்று வந்த புதிய கோப்பில், முதன்முறையாக 21-ஆம் கட்டத்துக்கு ஒரு குறிப்பிட்ட நிபந்தனை இருந்தது. பரிசோதகர் 21-ஆம் தாளுக்குக் கை நீட்டினார். தாள் இல்லை. மேசையில் பக்கத்தில் கிடந்த எதையோ எடுத்தார். நினைவகத்தில் அது அவருக்கு உரிமையில்லாத இடம்.

சாதாரணச் செயலி ஒன்று இப்படிச் செய்திருந்தால் அது மட்டும் மூடப்பட்டிருக்கும். ஆனால் இது உட்கருவுக்குள்ளேயே வேலை செய்யும் டிரைவர். உட்கருவில் பிழை என்றால், மேற்கொண்டு ஓடி வட்டிலுள்ள தரவையும் கெடுப்பதைவிட நின்று விடுவதே மேல் என்று விண்டோஸ் முழுவதுமாக நிற்கும். அந்த முடிவு சரியானது. நீலத்திரை என்பது விபத்தன்று, பிரேக். சிக்கல் அடுத்த கட்டத்தில். இந்த டிரைவர் தொடக்கத்திலேயே ஏற்றப்படுவது. மறுதொடக்கம் செய்ததும் மீண்டும் அதே டிரைவர், அதே கோப்பு, அதே 21-ஆம் தாள், அதே நீலம். “உங்களுக்காக மறுதொடக்கம் செய்து தருகிறோம்” என்ற வாசகம் அன்று எவ்வளவு வெறுமையாக ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தீர்வோ மிகச் சிறியது. சேஃப் மோடில் தொடங்க வேண்டும். அந்த நிலையில் விண்டோஸ் தனக்கு இன்றியமையாத டிரைவர்களை மட்டுமே ஏற்றும். பிறகு சிஸ்டம்32 அடைவில், டிரைவர்ஸ் என்பதன் உள்ளே, கிரவுட்ஸ்டிரைக் என்ற அடைவுக்குச் சென்று, சி-00000291 என்று தொடங்கும் கோப்பை நீக்க வேண்டும். மறுதொடக்கம். அவ்வளவுதான். ஆனால் தொடங்காத கணிப்பொறிக்கு வலை வழியாக எதையும் அனுப்ப முடியாதே! ஒவ்வொரு கணிப்பொறியின் முன்னும் ஒரு மனிதர் போய் உட்கார வேண்டியிருந்தது. சில இடங்களில் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் செய்ததிலேயே சரியாயிற்று. அதில் மாயம் ஏதுமில்லை: டிரைவர் விழுவதற்கு முந்திய சில நொடிகளில் வலை இணைப்பு முந்திக் கொண்டால் திருத்திய கோப்பு வந்து சேர்ந்து விடும்.

அறிக்கையைப் பற்றி என் மதிப்பீடு: உள்ளடக்கத்துக்கு நல்ல மதிப்பெண், நடைக்குக் குறைவான மதிப்பெண். 20-க்கும் 21-க்கும் உள்ள வேறுபாடு என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். நிறுவனம் தானே உருவாக்கிய கலைச்சொற்களின் புதர்களுக்குள் அந்த வரி ஒளிந்து கிடக்கிறது. ஆயினும் மறைக்கவில்லை. சரிபார்க்கும் நிரலிலும் பிழை இருந்தது, இவ்வகைக் கோப்புகளைப் படிப்படியாக அனுப்பும் முறை இல்லை, இனி உண்டு என்று ஒப்புக் கொள்கிறது. வார்ப்படச் சாலையில் புதிய அச்சு வந்தால் முதலில் ஒரு வார்ப்பு எடுத்து, ஆறவிட்டு, உடைத்துப் பார்த்து விட்டுத்தான் மற்றவற்றை ஊற்றுவார்கள். இதைக் கும்மிடிப்பூண்டியில் எந்த வார்ப்படத் தொழிலாளியும் சொல்லித் தந்திருப்பார்.

முன்னுதாரணம் இல்லாத நிகழ்ச்சி என்று அப்போது எழுதினார்கள். அது சரியன்று. 2010 ஏப்ரல் 21-இல் மெக்காஃபி நிறுவனத்தின் நச்சுநிரல் எதிர்ப்புக் கோப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பையே நச்சுநிரல் என்று கருதிச் சிறைப்படுத்தியது. அன்றும் கணிப்பொறிகள் தொடங்குவதும் விழுவதுமாக இருந்தன. அப்போது அங்கே தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜார்ஜ் கர்ட்ஸ்தான் 2024-இல் கிரவுட்ஸ்டிரைக்கின் தலைமை அதிகாரி. குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. துறைக்கு நினைவாற்றல் குறைவு என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் எடைமேடை அறைக்குத் திரும்புவோம். விண்டோஸ் அடுத்தடுத்து இருமுறை தொடங்கத் தவறினால் மூன்றாம் முறை மீட்புச் சூழல் என்ற தனித் திரைக்குச் செல்லும். நாமாகவும் அங்கே போகலாம்: வட்டம் சுழலும்போது மின்பொத்தானைப் பத்து நொடிகள் அழுத்தி அணைப்பதை இரண்டு மூன்று தடவை செய்தால் போதும். ஆனால் “புதுப்பிப்பு நடக்கிறது” என்ற எழுத்து திரையில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். வட்டு விளக்கு மினுக்கிக் கொண்டிருக்கும்வரை காத்திருங்கள். பழைய வட்டுள்ள கணிப்பொறிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

இந்த மீட்புச் சூழல் உண்மையில் ஒரு நல்ல கருவிப்பெட்டி. ஆனால் அதை அடுக்கியவரிடம் எனக்குக் கடுமையான வழக்கு உண்டு. பழுது நீக்கும் பக்கத்தைத் திறந்ததும் முதலில் நிற்பது எது தெரியுமா? “இந்தக் கணிப்பொறியை மீட்டமை”. நிறுவிய செயலிகளையெல்லாம் நீக்கி விண்டோசைப் புதிதாகப் போடும் கட்டளை. அதற்குக் கீழேதான் “மேம்பட்ட தேர்வுகள்” என்ற, எளிய மனிதரை விலக்கி நிறுத்தும் பெயரில், உண்மையில் முதலில் செய்ய வேண்டியவை இருக்கின்றன: தொடக்கப் பழுதுநீக்கம், புதுப்பிப்பை நீக்கல், பழைய நிலைக்குத் திரும்பல், சேஃப் மோடுக்குச் செல்லும் வழி. மருந்துக் கடையில் முன்வரிசையில் அறுவைக் கத்தியையும் பின்னறையில் காய்ச்சல் மாத்திரையையும் வைத்தது போன்ற அடுக்கு! “என் கோப்புகளை வைத்துக் கொள்” என்று ஒரு துணைத் தேர்வு உண்டு என்பார்கள். அது செயலிகளைக் காப்பதில்லை. உங்கள் கணக்கு மென்பொருள் தன் தரவை எந்த அடைவில் வைத்திருக்கிறது என்று அறியாமல் அந்தக் கட்டளையைத் தொடுவது, கண்ணைக் கட்டிக் கொண்டு பேரேட்டைக் கிழிப்பதற்குச் சமம்.

நம் பக்கத்துப் பழுது பார்ப்போர் பலரின் பழக்கமும் இந்த அடுக்கோடு ஒத்துப் போகிறது. “ஃபார்மட் பண்ணிடலாம் சார்.” நோயாளியைப் பார்க்கும் முன்பே சிகிச்சை முடிவாகி விடுகிறது. அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஒரு மணி நேரம் ஆராய்வதற்குக் கூலி கிடையாது, ஃபார்மட் செய்வதற்குக் கூலி உண்டு. புதுப்பிப்புக்கு மறுநாளே சிக்கல் என்றால், முதலில் புதுப்பிப்பை நீக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மாதாந்திரப் புதுப்பிப்பு ஒன்று, பெரும் பதிப்பு மாற்றம் ஒன்று என இரண்டுக்கும் தனித்தனித் தேர்வுகள் அங்கே உள்ளன. பெரும் பதிப்பு மாற்றத்திலிருந்து பின்வாங்க வழக்கமாகப் பத்து நாள்களே அவகாசம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, செய்ததைத் தாளில் குறித்துக் கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு தடை வரலாம். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், மீட்புச் சூழல் 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்கும். “நான் எதையும் பூட்டவில்லையே?” என்பீர்கள். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும்போது, ஏற்ற வன்பொருள் இருந்தால் வட்டு தானாகவே பூட்டப்படுகிறது. சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேரும். அந்தக் கணக்கு யாருடையது? பல சிறு ஆலைகளில், கணிப்பொறியை வாங்கியபோது அங்கிருந்து, பிறகு வேலையை விட்டுப் போன ஓர் இளைஞருடையது! ஜூலை 19 அன்று பெரிய நிறுவனங்களே இச்சாவியைத் தேடி அலைந்தன. சில இடங்களில் சாவிகளை வைத்திருந்த சர்வரே நீலத்திரையில் கிடந்தது.

இச்சாவியின் அமைப்பில் ஓர் அழகு இருக்கிறது. குறை சொல்லியே போகிறவன் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 48 இலக்கங்கள் ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். பள்ளியில் படித்த விதி நினைவிருக்கிறதா? இலக்கங்களை மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் வந்தால் 0 அல்லது 11-இன் மடங்கு வர வேண்டும். 135795 என்ற எண்ணைப் பாருங்கள்: 1-3+5-7+9-5 = 0. வகுபடும். ஓர் இலக்கத்தைத் தவறாக அழுத்தி 135785 என்று அடித்தால் விடை -1. பிழை உடனே பிடிபடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றினாலும் பிடிபடும்; ஏன் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். தொலைபேசியில் ஒருவர் படிக்க மற்றவர் அடிக்கும்போது நேரும் தவறுகள் பெரும்பாலும் இவ்விரண்டும்தான். இதை அமைத்தவர், எதிரே பதற்றத்தோடு ஒரு மனிதர் இருப்பார் என்று நினைத்திருக்கிறார்.

நீலத்திரையை எழுதியவரும் “கணிப்பொறியை அணைக்காதீர்கள்” என்று எழுதியவரும் அப்படி நினைக்கவில்லை. அணைப்பதும் அணைக்காததும் நம் கையிலா இருக்கிறது? மின்சாரம் போனால், யூபிஎஸ்ஸின் மின்கலம் மூன்றாண்டுப் பழையதாக இருந்தால், புதுப்பிப்பு முப்பது சதவீதத்தில் நின்று விடும். விண்டோஸ் இதற்கும் ஓரளவு ஏற்பாடு செய்திருக்கிறது: மாற்றங்களைப் பட்டியலிட்டு வைத்து, முடிக்க முடியாவிட்டால் பின்வாங்குகிறது. “மாற்றங்களை மீட்கிறோம்” என்று நெடுநேரம் தெரிவது அதுதான். அந்த உழைப்பை ஏன் வாசகத்தில் சொல்லக் கூடாது?

இவ்வளவையும் படித்துவிட்டு, “அப்படியானால் புதுப்பிப்பையே நிறுத்தி விடுகிறேன்” என்று சொல்லி விடாதீர்கள். 2017 மே 12-இல் பரவிய வான்னாகிரை நச்சுநிரலுக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள். ரெனோ கார் நிறுவனத்தின் ஐரோப்பிய ஆலைகள் சிலவற்றில் உற்பத்தி நின்றது. நம் எல்லைக்கு அப்பால் ஆந்திரக் காவல்துறையின் கணிப்பொறிகள் சிலவும் முடங்கின. எடைமேடைக் கணிப்பொறிக்கு வேண்டியது புதுப்பிப்பு இல்லாமை அன்று. சில நாள்கள் தாமதித்து, சனிக்கிழமை மாலை வண்டிகள் இல்லாத நேரத்தில், தரவின் நகலை எடுத்த பின் செய்யும் புதுப்பிப்பு. சில வாரங்கள் வரை ஒத்தி வைக்க விண்டோசிலேயே வழி உண்டு. விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது என்பதையும் அங்குள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

2025-இல் திரை மாறியது. நீலம் போய்க் கருப்பு வந்தது. வருந்தும் முகம் போயிற்று. நிறுத்தக் குறியீட்டோடு, பழுதுக்குக் காரணமான டிரைவரின் பெயரையும் காட்டுகிறது. இது முன்னேற்றம். தொடங்காத கணிப்பொறிக்கு மீட்புச் சூழலிலேயே வலை வழியாக மருந்து அனுப்பும் ஏற்பாடும் வந்திருக்கிறது. பயனுள்ளதே, ஆனால் வலை வேண்டும். எழுத்தரின் கைபேசியிலிருந்து இணைப்பைப் பங்கிட்டுக் கொள்ளும் ஆலையில் அந்த மருந்து எப்போது வந்து சேருமோ!

மொழிப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. விண்டோசுக்குத் தமிழ் இடைமுகம் உண்டு. ஆனால் அது ஆங்கிலப் பதிப்பின்மேல் போர்த்தும் போர்வை போன்றது. நம் ஆலைகளில் மீட்புத் திரை பேசுவது ஆங்கிலம்தான். தமிழில் படித்து, கணக்கிலும் எடையிலும் ஒரு கிலோ பிசகாமல் வேலை செய்யும் ஒருவர், மிகுந்த நெருக்கடியான அந்த நிமிடத்தில் மட்டும் வேற்று மொழியில், அதுவும் பொருள் இல்லாத வாக்கியங்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. என்னை எழுதச் சொல்லியிருந்தால் அத்திரையில் இப்படி எழுதியிருப்பேன்:

“விண்டோஸ் தொடங்கவில்லை. இன்று விடியற்காலை 3.10-க்குச் சேர்த்த புதுப்பிப்புக்குப் பிறகு இது மூன்றாவது தடவை. உங்கள் வட்டைப் படிக்க முடிகிறது. கோப்புகளை யாரும் அழிக்கவில்லை. அந்தப் புதுப்பிப்பை மட்டும் நீக்கிப் பார்க்க 1-ஐ அழுத்துங்கள். சேஃப் மோடில் தொடங்கித் தரவின் நகலை எடுக்க 2-ஐ அழுத்துங்கள். அவசரமாக இ-வே பில் போன்ற வேலை இருந்தால் கைபேசியில் முடித்துக் கொள்ளுங்கள். இதற்கு நாற்பது நிமிடங்கள் ஆகலாம்.”

கடைசி வரி என் சேர்க்கை. மற்றவற்றுக்கு வேண்டிய விவரங்கள் எல்லாம், அதாவது புதுப்பித்த நேரம், விழுந்த தடவைகள், வட்டின் நிலை ஆகியவை, அந்தக் கணிப்பொறியின் பதிவேட்டில் அந்த நிமிடமே எழுதப்பட்டிருக்கின்றன.